குளிர்ந்த யந்திர வாளும் உடையவரின் கடமையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடபகுதியில், கர்நாடக, ஆந்திர எல்லைகளையடுத்துள்ள வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் மா சாகுபடி பிரதானமானது. மாந்தோப்புகளோடு தென்னை, புளி, தைல மரம் முதலியவையும் பயிராகின்றன. முற்காலத்தில் கிளை கழிப்பதற்கும் பட்ட மரத்தை அறுப்பதற்கும் கோடாலியும், இருவர் இழுக்கும் ரம்பமுமே கருவிகளாயிருந்தன. ஓசூர்த் தொழிற்சாலைகளும் பெங்களூர் நகரத்து வேலைகளும் கிராமத்து ஆட்களை ஈர்த்துக்கொண்ட பின்னர் அத்தொழிலுக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே, குடியானவர்கள் "செயின் சா" என்று வழங்கும் பெட்ரோல் சங்கிலி வாள் தோப்புடையவர் பலருக்கும் இன்றியமையாத கருவியாகிவிட்டது.

இக்கருவியால் விளையும் அனுகூலம் சொற்பமன்று. எனினும் இதைப்பற்றி எங்கும் கேட்கப்படும் புகாரொன்று உண்டு. காலையில் முதன்முறையாகக் கயிற்றை இழுக்கும்போது வாள் எளிதில் கிளம்புவதில்லை என்பதே அது. இருபது முப்பது தடவை இழுத்து ஆள் களைத்துப் போகிறான். கிளையை இழுத்துப்போட வந்த கூலியாட்கள் மரத்தடியில் காத்திருக்கின்றனர். காலைப் பொழுது வீணாகிறது. உடையவர் யந்திரத்தைக் குறை கூறுகிறார். அல்லது அதை இயக்கும் ஆளைக் கடிந்துகொள்கிறார். இவ்விரண்டும் பெரும்பாலும் நியாயமல்ல. வாள் கிளம்பாமை அன்று காலையில் உண்டான குற்றமன்று. சென்ற பருவத்தின் கடைசி நாளில், டாங்கியில் பெட்ரோலோடு அதைச் சாய்ப்பில் மாட்டி வைத்தபோதே உண்டான குற்றம். அதற்குப் பொறுப்பாளி பெட்ரோல் வாங்கிக் கொடுத்து, கருவியைப் பூட்டி வைக்கும் உடையவரே.

"குளிர்ந்த வாள்" என்பதை மார்கழி, தை மாதங்களின் பனிக்காலத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்ளலாகாது. ஆவணி மாதமாயினும் இரவு முழுதும் ஓய்ந்திருந்த எஞ்சின் குளிர்ந்த எஞ்சினே. பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தாலன்றித் தீப்பற்றாது. உலோகம் குளிர்ந்திருக்கையில் பெட்ரோலில் ஒரு பகுதியே ஆவியாகிறது. மீதி துளிகளாகச் சுவரில் படிந்துவிடும். இக்குறையை ஈடுசெய்யவே, காற்று வரும் வழியைச் சற்று அடைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் "சோக்" அமைக்கப்பட்டிருக்கிறது. சூடான பின் நன்றாக ஓடும் வாள் குளிர்ந்த நிலையில் மட்டும் கிளம்ப மறுத்தால், பெட்ரோல் போதுமானபடி வரவில்லை, அல்லது மிதமிஞ்சி வந்துவிட்டது என்பதே பெரும்பாலும் காரணமாகும்.

மிதமிஞ்சி வருவது பெரும்பாலும் கை தவறுதலால் நேர்வது. சோக்கை முழுதும் அடைத்துக் கயிற்றை இழுக்கும்போது, சில இழுப்புகளுக்குள் எஞ்சின் ஒரு முறை "டப்" என்று தும்மி அடங்கும். அச்சத்தத்தைக் கேட்டவுடன் சோக்கைத் திறந்து, அல்லது அரைநிலைக்குக் கொணர்ந்து, மறுபடி இழுக்க வேண்டும். தும்மலைக் கவனியாமல் மேலும் மேலும் இழுப்பதால் சிலிண்டரில் பெட்ரோல் தேங்கி, பிளக்கு நனைந்து, பொறி உண்டாகாமற்போகிறது. அப்பொழுது பிளக்கைக் கழற்றித் துடைத்துலர்த்தி, சுவிட்சை நிறுத்தி, சோக்கைத் திறந்து வைத்துக் கயிற்றைப் பத்து முறை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். அவ்வேளையில் பீடி நெருப்போ அடுப்போ அருகில் இருத்தல் கூடாது.

பெட்ரோல் வராமையும் மிஞ்சி வருவதும் வேறு வேறு என்பதைப் பிளக்கே காட்டிவிடும். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்குப் பின் கழற்றிப் பார்த்தால் அது நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று தெரியும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறியிலோ கைமுறையிலோதான் குறை. உலர்ந்திருந்தால் டாங்கியினுள் இருக்கும் பில்டர், குழாய், டாங்கி மூச்சுவிடும் துவாரம், சோக் தகடு முழுதும் மூடுகிறதா என்பது ஆகியவற்றை முறையே சோதிக்க வேண்டும். பிளக்கு எண்ணெய்க் கரி படிந்து கறுத்திருப்பின் புதியது போடுவது சிலாக்கியம். அதன் இடைவெளி பெரும்பாலான வாள்களில் அரை மில்லிமீட்டர். மரத்தூள் அடைத்த ஏர் பில்டரும், கரி அடைத்த சைலென்ஸர் வலையும் இதே தொந்தரவைத் தருவனவாம். இவையெல்லாம் உடையவரே அரை மணி நேரத்தில் பார்க்கக் கூடியவை.

இனி எண்ணெய்க் கலவையைப்பற்றிக் கவனிப்போமாயின், இப்பகுதிக் குடியானவர்களுக்கு அது ஒருகாலத்தில் புதிய விஷயமாயிருக்கவில்லை. 1980-ம் வருஷத்தில் ஓசூரில் உற்பத்தியாகி வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டி இருவீச்சு எஞ்சின் உடையது. பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்றும் வழக்கத்தை அவ்வகை வண்டிகள் கிராமத்துக்குக் கிராமம் பரப்பின. 2015-ல் அதே கம்பெனியின் எக்ஸ்.எல். 100 நான்குவீச்சு எஞ்சினோடு வந்தது. மற்ற இருவீச்சு வண்டிகளும் படிப்படியாக மறைந்தன. இக்காலத்து வாலிபர் எண்ணெய் கலந்து வண்டி ஓட்டியவரல்லர். ஆனால் அவர் கையிலுள்ள சங்கிலி வாள் இன்னும் இருவீச்சு எஞ்சினே. தந்தைக்குக் கைப்பழக்கமாயிருந்த அறிவு மகனுக்குக் கிட்டாமற்போனதே இன்றைய தொல்லையில் பாதி எனலாம்.

கலவையின் அளவு வாளோடு வரும் கைப்புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் 2டி ஆயில் சேர்க்க வேண்டும். கண்ணளவாக ஊற்றுதல் தவறு. எண்ணெய் மிகுந்தால் பிளக்கு கரி பிடிக்கும். குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். டிராக்டருக்குரிய எஞ்சின் ஆயிலை இதற்கு உபயோகிப்பது எவ்விதத்திலும் தகாது. ஒரு மாதத்திற்கு வேண்டிய அளவே கலந்து வைப்பது நலம்.

இவ்விடத்தில் எத்தனாலைப்பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியப் பெட்ரோலில் எத்தனால் 2022 ஜூன் மாதத்தில் சராசரி நூற்றுக்குப் பத்துப் பங்காயிற்று. நூற்றுக்கு இருபது பங்கு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில நிலையங்களில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிற்று. கரும்பு, தானியம் பயிரிடுவோருக்கும் நாட்டின் செலாவணிக்கும் இதனால் உள்ள நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மூடி சரியாக இல்லாத டப்பாவில் மழைக்காலம் முழுதும் கிடந்த கலவையில் நீர் மிகுந்தால், நீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எண்ணெய் மேலே பெட்ரோலோடு நிற்கும். டாங்கியின் பில்டர் அடியிலிருந்தே உறிஞ்சுவதால் எஞ்சினுக்குத் தீப்பற்றாத, எண்ணெயற்ற திரவமே சென்று சேர்கிறது. சந்தேகமுள்ள கலவையைத் தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும். அவ்விதம் தெரிந்தால் அதை வாளில் ஊற்றலாகாது.

பல கம்பெனிகளின் கைப்புத்தகங்கள் எத்தனால் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்று விதிக்கின்றன. ஆகவே உடையவர் தம் வாளுக்குரிய விதியைப் படித்தறிவதும், புதிதாக வாங்குவோர் இருபது பங்குக்கு ஏற்றதா என்று விற்பவரைக் கேட்டறிவதும் அவசியம். எனினும் எல்லாப் பழியையும் எத்தனாலின்மேல் சுமத்துவது சரியன்று. அது கலவாத காலத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகித் துவாரங்களை அடைத்ததுண்டு. எத்தனால் செய்வது, அஜாக்கிரதைக்குக் கிடைத்துவந்த தவணையைக் குறைத்ததேயாம்.

எப்பக்கம் சாய்த்தாலும் வாள் ஓட வேண்டுமாதலால் இதன் கார்புரேட்டரில், மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் மிதவைக் கிண்ணம் கிடையாது. மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்றே பெட்ரோலை அளந்து விடுகிறது. பழைய பெட்ரோல் பட்டு இச்சவ்வு விறைத்தால் குளிர்ந்த நிலையில் போதிய பெட்ரோல் வராது. அதை மாற்றுவது பழகிய மெக்கானிக்கின் வேலை. கார்புரேட்டர்த் திருகாணிகளை ஊகமாகத் திருப்பி, நன்றாக இருந்த எஞ்சினை எரித்துவிடுவதினும் கடைக்குக் கொண்டு செல்வது சிக்கனமானது. மற்றொரு சோதனையும் உண்டு. சுவிட்சை நிறுத்தி, ஸ்டார்ட்டர்க் கயிற்றின் பிடியைப் பற்றி வாளைத் தரைக்கருகில் தொங்கவிட்டால், எஞ்சின் நல்ல நிலையில் இருப்பின் அது மெல்ல மெல்ல இறங்கும். தடையின்றிக் கீழே வழுகினால் பிஸ்டன் வளையம் தேய்ந்ததென்று அறியலாம். அதற்குப் பெட்ரோலை மாற்றிப் பயனில்லை.

கிளம்பாத வாளால் விளையும் நஷ்டத்தினும் பெரிது, அதைக் கிளப்ப ஆள் செய்யும் துணிச்சலால் விளையும் அபாயம். காத்திருக்கும் ஆட்களும் உடையவரின் பொறுமையின்மையும் நெருக்க, அவன் வாளை ஒரு கையால் அந்தரத்தில் பிடித்து மறு கையால் கயிற்றை இழுக்கிறான். குளிர்ந்த வாளைக் கிளப்பும்போது ஆக்ஸிலேட்டர் பாதி திறந்த நிலையில் இருப்பதால், எஞ்சின் பிடித்த மறுகணமே சங்கிலி சுழலத் தொடங்கும்; தொடையோ முழங்காலோ எதிரில் இருக்கும். முறையாவது: சமதரையில் வாளை வைத்து, சங்கிலி பிரேக்கைப் போட்டு, பின்பிடியில் வலது பாதத்தை ஊன்றி, முன்பிடியை இடது கையால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுப்பது. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளியே கிளப்ப வேண்டும். பிளக்குத் துவாரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றும் வழக்கமும் விலக்கத்தக்கது. அவசரப்படுத்தும் எஜமானன் ஆளின் காலைப் பணயமாக வைக்கிறான் என்பதை உணர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் தலையான பரிகாரம் வேலை முடிந்த நாளில் செய்ய வேண்டியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசுப்படி, மாமரத்தின் உட்கிளைகளை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மூன்றாண்டுக்கொருமுறை கழிக்க வேண்டும். அவ்வேலைக்குப் பின் வாள் பெரும்பாலும் தை மாதம் வரையில், சில வீடுகளில் அடுத்த வருஷம் வரையில், தொடப்படுவதில்லை. ஆகவே கடைசி நாளில் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிக் கார்புரேட்டரை உலர்த்தி, பில்டரைச் சுத்தம் செய்து, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். கால் மணி நேர வேலை. மீந்த கலவையை அடுத்த பருவத்துக்கென்று வைத்துக்கொள்வது பொய்யான சிக்கனம். மிச்சமாவது அரை லிட்டர் பெட்ரோல், செலவாவது கார்புரேட்டர்.

பாட்டரியால் ஓடும் வாள் வாங்கினால் இத்தொல்லையே இல்லையென்று சிலர் கூறுவர். பொத்தானை அழுத்தியவுடன் அது ஓடும் என்பது உண்மையே. மணிக்கட்டு, முழங்கை அளவுள்ள கிளைகளைக் கழிக்க அது ஏற்றதுமாகும். ஆயினும் மின்சாரம் எட்டாத தோப்பில், பருத்த மாவையும் புளியையும் நாள் முழுதும் அறுக்க இன்னும் பெட்ரோல் வாளே வேண்டியிருக்கிறது. ஏற்கனவே பணம் போட்டு வாங்கிய கருவியைக் காப்பாற்ற அறியாதவர் புதிய கருவியையும் காப்பாற்றார்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமையுண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் பின்விளைவாக, இம்மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடற்கரைக்கு வெகு தொலைவிலுள்ள ஊருக்கும் புயலின் கை எட்டும் என்பதை அது காட்டிற்று. அத்தகைய இரவில் சாலையின் குறுக்கே புளிய மரம் விழுந்தால், நோயாளியை ஏற்றிய வண்டிக்கு வழி திறப்பது ஊரிலுள்ள சங்கிலி வாளே. அது பல மாதம் தொடப்படாத குளிர்ந்த வாளாகவும் இருக்கும். ஆகவே ஊராட்சியிலோ, வாடகை மையத்திலோ, தனியாரிடமோ ஊரில் எத்தனை வாள்கள் உள்ளன, அவற்றை முறையாக இயக்க அறிந்தவர் யார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் மழைக்காலத்துக்கு முன் அறிந்து வைத்தல் நலம். அவசரத்துக்கென வைத்த வாளை மாதமொருமுறை புதிய கலவையில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, பின் டாங்கியைக் காலி செய்து வைக்கச் சொல்லலாம். வேளாண்மைப் பொறியியல் துறையினர் கிராமங்களுக்கு வரும்போது டிராக்டரோடு இச்சிறு எஞ்சினையும் பிரித்துக் காட்டும்படி குடியானவர்கள் கேட்டுக்கொள்வது உசிதம்.

மாட்டுக்குத் தீனி வைக்காமல் ஏரில் பூட்டும் உழவன் இல்லை. யந்திரத்துக்கும் ஓய்வு காலத்தில் கவனிப்பு வேண்டுமென்ற அறிவு அதே வழியில் வர வேண்டியதே. பருவத்தின் கடைசி நாளில் கால் மணி நேரத்தைச் செலவிடும் தோப்புடையவர், அடுத்த பருவத்தின் முதல் நாளில் ஆட்களின் கூலியையும், வாளின் ஆயுளையும், அதை இழுப்பவனின் உடல் நலத்தையும் ஒருங்கே காத்துக்கொள்வாரென்பது திண்ணம்.