தோல் இல்லாத செருப்பு சரி, சாதி இல்லாத வேலை எங்கே?

அரியலூர், பெரம்பலூர் என்று பேச்செடுத்தாலே ‘பின்தங்கிய மாவட்டங்கள்’ என்கிறார்கள். மேடையில் அமைச்சர்கள் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள், ஆய்வு மாணவர்களாகிய நாங்கள் கூடும் கருத்தரங்குகளிலும் சொல்கிறார்கள். மானாவாரி பூமி, மழையை நம்பிய சனம், வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறும் பிள்ளைகள், ஆகவே பின்தங்கிவிட்டது என்பது கதை. இப்போது அந்தக் கதைக்கு நல்ல முடிவும் கிடைத்துவிட்டது. காலணித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, இனி எல்லாம் மாறிவிடும் என்கிறார்கள்.

தொழிற்சாலை வரட்டும், வரவேண்டும். ஆனால் ஒரு மாவட்டம் மொத்தமாகப் பின்தங்குவதுமில்லை, மொத்தமாக முன்னேறுவதுமில்லை. மாவட்டத்துக்குள் ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூரில் பத்துப் பேரில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். அரியலூரில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இவர்களையும் ஊர்த்தெரு மக்களையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்து, அதற்கு ‘மாவட்டம்’ என்று பெயர் வைக்கிறோம். பிறகு அந்தச் சராசரிக்காகக் கண்ணீர் விடுகிறோம்.

இந்த மண்ணின் பெருமையிலிருந்தே தொடங்குவோம். கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ராஜேந்திர சோழன் பிறந்த ஆடித் திருவாதிரையை மாநில அரசு விழாவாக எடுக்கிறது. 2025 ஜூலையில் பிரதமரும் வந்து நாணயம் வெளியிட்டார். சோழன் யாருக்குச் சொந்தம் என்று கட்சிகளும் சாதிச் சங்கங்களும் போட்டி போடுகின்றன. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ‘பறைச்சேரி’யும் ‘தீண்டாச்சேரி’யும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எல்லை கட்டி, கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பேரரசுக்கு வாரிசு என்று மீசை முறுக்குகிறவர்கள் தீண்டாச்சேரிக்கு மட்டும் ஏன் வாரிசு கோருவதில்லை?

சோழர்கள் போனார்கள். அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் ஜமீன்களாகின. 1948 சட்டம் ஜமீனை ஒழித்தது. கணக்கில் பெயர் இருந்தவருக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. அதே வயலில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நின்றவரின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை, அவருக்குப் பட்டாவும் இல்லை. பின்னால் வந்த ‘வளர்ச்சி’ எல்லாம் இந்தப் பட்டாவைப் பார்த்துத்தான் வந்தது.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்றைய அரியலூரின் பொருளாதாரம். பக்கத்தில் கல்லக்குடியில் டால்மியா ஆலை சுதந்திரத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1953-இல் ‘டால்மியாபுரம்’ என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துக் கலைஞர் நடத்திய போராட்டம் நமக்கெல்லாம் தெரியும். 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. பெயர்ப்பலகையில் தமிழ் வென்றது. அந்தப் பலகைக்குப் பின்னால் நிரந்தர வேலையில் யார் இருக்கிறார், தூசிக்குள் மூட்டை ஏற்றும் ஒப்பந்தக் கூலியில் யார் இருக்கிறார் என்ற கேள்வியை அதே வேகத்தில் நாம் கேட்கவில்லை. அரசு ஆலையின் நேரடி நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டு. தனியார் ஆலையில் இல்லை. ஒப்பந்தக்காரர் ஆள் பிடிக்கும் இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்தின் கதை இன்னும் கொடுமை. 1990-களில் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். மின்நிலையம் வரவே இல்லை. நிலம் கொடுத்த விவசாயிகள் இழப்பீட்டுக்காகக் கால் நூற்றாண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். நியாயமான போராட்டம் அது. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. சரி, யாரிடம் திருப்பித் தருவது? பட்டாதாரரிடம். அந்த முந்திரிக்காட்டிலும் கொல்லையிலும் வேலை செய்த கூலிக் குடும்பங்களுக்கு எதைத் திருப்பித் தருவது? 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்றது. அதற்கு முன்பே பிடுங்கப்பட்ட வேலைகளுக்குக் கணக்கே இல்லை.

அரசியலிலும் இதே எல்லைக்கோடுதான். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மறுபடி சேர்த்தார்கள். 2007-இல் மறுபடி பிரித்தார்கள். மாவட்ட எல்லையை இத்தனை முறை அழித்து எழுத முடிந்தவர்களுக்கு ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லையை ஒருமுறைகூட அழிக்க முடியவில்லை.

அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் சட்டமன்றத் தொகுதிகள் சிதம்பரம் தனித்தொகுதிக்குள் வருகின்றன. 18.04.2019 அன்று வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே பொன்பரப்பியில் பட்டியல் சாதி மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. பானைச் சின்னத்தில் நின்ற தோழர் திருமாவளவன் 3,219 வாக்குகளில் வென்றார். தனித்தொகுதி என்பது நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கையைத் தரும். அந்த இருக்கைக்கு வாக்களித்த குடும்பத்தின் ஓட்டுக்கூரையைக் காப்பாற்றாது. பூனா ஒப்பந்தத்தின் கசப்பை அம்பேத்கர் கடைசிவரை ஏன் பேசினார் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

அதே மண்ணுக்கு வேறொரு மரபும் உண்டு. பொன்பரப்பித் தமிழரசன் பிறப்பால் வன்னியர். 1985-இல் மீன்சுருட்டியில் நடந்த மாநாட்டில் அவர் வைத்த அறிக்கை, சாதியை ஒழிக்காமல் தமிழருக்கு விடுதலை இல்லை என்று வாதிட்டது. அவருடைய ஆயுத வழியை ஏற்காதவர்களும் அந்த வாதத்தை மறுக்க முடியாது. குழுமூர் அனிதாவும் இதே மாவட்டத்துப் பெண்தான். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், 1200-க்கு 1176 எடுத்து, நீட்டுக்கு எதிராக உச்சநீதிமன்றம் வரை போனவள். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவள் பெயர். ‘பின்தங்கிய’ என்ற சொல்லை அந்த அரங்கத்தின் வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது செருப்புக்கு வருவோம். 2022-இல் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருட்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. 2023 நவம்பரில் பெரம்பலூர் எறையூரில் காலணிப் பூங்கா திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனம் ஒன்றின் ஆலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. எல்லா அறிவிப்பிலும் ஒரு சொல் தவறாமல் வருகிறது: ‘தோல் அல்லாத காலணி’.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் சொல். எனக்கு அப்படிப் படவில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இந்த மாவட்டங்களில் வாழ்கிறார்கள். செருப்புத் தைத்தவனைத் தீண்டத்தகாதவன் என்றது இந்தச் சமூகம். தோல் இருந்தவரை அது இழிதொழில். தோல் போய் ரப்பரும் நுரையும் வந்ததும் அது முதலீடு, ஏற்றுமதி, சீருடை, வங்கிக் கணக்கில் சம்பளம். செருப்பின் சாதியைக் கழுவியாயிற்று. வேலையின் சாதியைக் கழுவ யார் என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள்?

‘கம்பெனியில் சாதி பார்ப்பதில்லை’ என்பார்கள். பார்க்க வேண்டிய தேவையே இல்லை, தோழர்களே. ஆள் சேர்க்கும் முகவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது போதும். களப்பணியில் நான் போன ஓர் ஊரில் ஆலைப் பேருந்து ஊர் முக்கத்தோடு திரும்பிவிடுகிறது. காலனிப் பெண்கள் விடிவதற்கு முன் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்து அதில் ஏறுகிறார்கள். யாரும் சாதி பார்க்கவில்லை, வண்டி திரும்ப அங்கேதான் இடம் இருக்கிறது என்றார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைப் பாருங்கள். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் நெல்லும் பருத்தியும் விளைத்துக் கொழுத்த மாநிலம் அது. அடிமைமுறையைக் காக்க 1860 டிசம்பரில் முதல் ஆளாக ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அப்போது அங்கே வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேல் அடிமைகள். போரில் தோற்ற பிறகு ‘பின்தங்கிய மாநிலம்’ என்ற புலம்பல் எழுந்தது. அதற்கு மருந்தாக நூற்பாலைகள் வந்தன. ஏழைகளுக்கு வேலை என்றார்கள், ஏழை வெள்ளையருக்கு என்பதுதான் பொருள். 1915-இல் சட்டமன்றமே சட்டம் போட்டது. நூற்பாலையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் வேலை செய்யக்கூடாது, ஒரே நேரத்தில் ஒரே வாசலைப் பயன்படுத்தக்கூடாது, ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கவே கூடாது. அந்தச் சட்டத்தில் விதிவிலக்கும் இருந்தது. தரை கழுவுகிறவர்களுக்கும் கழிப்பறை சுத்தம் செய்கிறவர்களுக்கும் தடை இல்லை. தேநீர்க்கடை இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

அந்த ஆலைக் கதவு கறுப்பருக்குத் திறந்தது ‘வளர்ச்சி’யால் அல்ல. போராட்டம் 1964 குடிமை உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1966 முதல் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை இனவாரியாக, பதவிவாரியாக எண்ணி ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்டில் இனவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனால் அங்கே எண்ணிக்கை இருக்கிறது, எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் போட முடிகிறது. நம்மிடம் ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்ற வாய்மொழி மட்டும் இருக்கிறது.

‘வன்னியரும் ஏழைகள்தானே, அவர்களும் நிலம் இழந்தார்கள்தானே’ என்று கேட்பார்கள். உண்மைதான், அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2022-இல் உச்சநீதிமன்றத்தில் விழுந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் போதிய தரவு இல்லாததுதான். சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்டு மாநாடு போடுகிறவர்கள், தங்கள் ஊர் ஆலை வாசலில் அதே கணக்கைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் நேரடியானவை. அரசு மானியமும் சிப்காட் நிலமும் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் நிரந்தரம், ஒப்பந்தம், மேற்பார்வை என்று பிரித்துச் சாதிவாரியாக ஊழியர் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதில் பட்டியல் சாதியினரின் பங்கு மாவட்ட மக்கள்தொகையில் அவர்களின் பங்குக்குக் குறைந்தால் மானியத்தை நிறுத்த வேண்டும். சுண்ணாம்புக்கல் குத்தகைதாரர்கள் 2015 சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு சேரிக்குள் போய்ச் செலவானது என்று கிராமசபையில் தெருவாரியாகப் படிக்க வேண்டும். ஆலைப் பேருந்து காலனிக்குள் வர வேண்டும், பாதை இல்லையென்றால் முதலில் பாதை போடுங்கள்.

இவற்றுக்குப் புதிய அரசமைப்புச் சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும், அதைப் போட வைக்கும் கூட்டம் தேவை. அடுத்த திறப்புவிழாவில் எத்தனை கோடி என்று சொல்வார்கள், கைதட்டல் எழும். ‘அதில் எத்தனை பேர் சேரிக்காரர்?’ என்று ஒரு குரலாவது எழ வேண்டும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.