முதல் மேப் யாருக்கு மச்சி?

கேரம் ஆடறவங்களுக்குத் தெரியும்: யார் பிரேக் அடிக்கிறாங்களோ, அந்த போர்டு பாதி அவங்க கையில. 2024 உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணு. அதனால ராயபுரம், திருவொற்றியூர் பசங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவுன்டர் ஸ்டிரைக்ல 'முதல் மேப் யாருக்கு?'ன்னு ஜோசியம் சொல்றதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு.

மூணு மேப் மேட்ச்ல மொத்தம் ஏழு மேப் பட்டியல்ல இருக்கும். ரெண்டு டீமும் ஆளுக்கொண்ணு கழிச்சுக் கட்டும். அப்புறம் ஆளுக்கொண்ணு எடுக்கும். மறுபடி ஆளுக்கொண்ணு கழிக்கும். மிச்சமிருக்கறது மூணாவது மேப். ஆக, முதல் மேப்ங்கறது முதல்ல எடுத்த டீமோட சொந்தப் பேட்டை. ஆனா அங்க முதல்ல அட்டாக்கா, டிஃபென்ஸான்னு முடிவு பண்றது எதிர் டீம்! பேட்டை உன்னுது, வாசல் என்னுது.

அதனால 'உலக ரேங்க்ல யார் மேல?'ன்னு பார்க்கறது வேஸ்ட் பாஸ். 2024 கோபன்ஹேகன் மேஜர் ஃபைனல்ல நவி, ஃபேஸ் மோதின கதையைப் பாருங்க. ஏன்ஷியன்ட்ல 13-9னு நவி ஜெயிச்சது. அடுத்து மிராஜ்ல 2-13னு செம அடி வாங்குச்சு. கடைசியா இன்ஃபெர்னோல 13-10னு கப்பைத் தூக்கிச்சு. அதே பத்துப் பேர், அதே நாள்! 2018 பாஸ்டன் மேஜர்ல கிளவுட்9 முதல் மேப்பைக் கோட்டை விட்டும் கப் அடிச்சது.

சரி, அந்த மேப்ல அந்த டீமோட ரெக்கார்டு? அதைத்தான் பார்க்கணும். ஆனா அங்கயும் பொறி இருக்கு. அஞ்சுல நாலு ஜெயிச்சிருந்தா 80 சதவீதம்னு துள்ளாதீங்க. ஒரு ரூபாய் காசை அஞ்சு தடவை சுண்டினாலே, நாலோ அஞ்சோ தலை விழ 32-ல 6 வாய்ப்பு இருக்கு. நிகழ்தகவு பேப்பர்ல அரியர் வெச்சவங்களும் போட்டுப் பார்க்கலாம். நடுவுல ஆள் மாறியிருந்தாலோ, கேம்ல அப்டேட் வந்திருந்தாலோ அந்த ரெக்கார்டும் பழங்கதை.

எங்க கிளாஸ்ல ஒருத்தன். அப்பா எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டறார். பரீட்சை ஃபீஸ்ல 500 எடுத்து முதல் மேப்புக்கு வெச்சான். ஜெயிச்சான். வந்த வினையே அதுதான்! அடுத்த வாரம் மொத்த ஃபீஸும் வெச்சான். அன்னிக்கு அந்த டீம்ல ஒரு மாற்று ஆள் ஆடினதை இவன் கவனிக்கவே இல்லை. 'ஃபீஸ் கட்டிட்டியாடா?'ன்னு அப்பா போன்ல கேட்டப்போ பையன் முகத்தைப் பார்த்திருக்கணும். நாங்க எட்டுப் பேர் சேர்ந்து ஃபைனோட கட்டினோம்.

ஆகஸ்ட் 2025-ல வந்த மத்திய அரசுச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டா ஏத்துக்கிட்டு, காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணுச்சு. அதுக்கு முன்னாடியே எங்க கேங்ல பந்தயம் டீயா மாறிடுச்சு. ஜோசியத்துல அவன் இன்னும் கில்லிதான். ரெக்கார்டு, ஆள் மாற்றம் எல்லாம் நோட்டுப் போட்டு எழுதறான். போன வாரக் கணக்குப்படி காலடிப்பேட்டை டீக்கடையில நான் அவனுக்கு மூணு டீ பாக்கி.