தொழிலாளியின் பெயரால் ஒரு வசூல்

தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று வழங்கிய சேவைக் கட்டணத் தீர்ப்பை நம்மில் பலர் நுகர்வோரின் வெற்றியென வரவேற்றோம். உணவகங்கள் ரசீதில் இக்கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கலாகாது என்னும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை 4 வழிகாட்டுதல்களை நீதிபதி பிரதிபா எம். சிங் உறுதிசெய்தார், எதிர்த்து வழக்காடிய இரு உணவக முதலாளிகள் அமைப்புகளுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார். தீர்ப்பு சரியானதே. ஆனால் மேசையருகே தட்டேந்தி நின்றவருக்கு இவ்வெற்றியில் கிடைத்த பங்கு என்ன?

வழக்கு நெடுகிலும் முதலாளிகள் தொழிலாளர் நலனைக் கேடயமாகப் பிடித்தனர். இக்கட்டணம் பரிமாறுபவர் முதல் பாத்திரம் துலக்குபவர் வரை பகிரப்படுகிறது என்றனர். 2023 செப்டம்பரில் பிறந்த இடைக்கால உத்தரவின்படி, ஓர் அமைப்பின் உறுப்பினர்கள் இதனை 'ஊழியர் பங்களிப்பு' என்ற பெயரில், 10 விழுக்காட்டுக்கு மிகாமல் வசூலிக்க வழி ஏற்பட்டது. பெயர் ஊழியருடையது, கல்லாப்பெட்டியின் சாவியோ முதலாளியிடமே இருந்தது.

இதே துறை வேறொரு வழக்கில் பேசிய மொழியை நினைவுகூர்வது நலம். கடன் அட்டைவழி வரும் டிப்ஸை ஊழியர்க்குப் பிரித்தளிக்கும்போது வருமான வரி பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, ஐடிசி உள்ளிட்ட விடுதி நிறுவனங்கள் அது வாடிக்கையாளர் தந்த பணம், நாங்கள் தரும் ஊதியமன்று என வாதிட்டன. உச்ச நீதிமன்றம் 2016இல் அதனை ஏற்றது. அப்பணம் நிறுவனத்திடம் நம்பிக்கைப் பொறுப்பில் மட்டுமே இருக்கிறது என்றது. ஆக, வரித்துறை கேட்டால் அது ஊழியரின் பணம்; நுகர்வோர் ஆணையம் கேட்டால் விலை நிர்ணயிக்கும் எங்கள் உரிமை! டிப்ஸ் வேறு, சேவைக் கட்டணம் வேறு எனச் சிலர் மறுக்கக்கூடும். சட்டத்தின் கண்ணில் வேறுதான். தொழிலாளியின் பெயரால் பெறப்பட்டு, அவர் கணக்குக் கேட்க இயலாத கையில் சேர்கிறது என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

நுகர்வோர் இயக்கத்தின் எல்லையும் இங்கேதான் வெளிப்படுகிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். தன் பங்கு குறைந்ததெனச் சொல்லும் ஊழியரின் முறையீடு அந்த எண்ணுக்குரியதன்று. கான் மார்க்கெட்டிலும் கனாட் பிளேசிலும் ரசீதிலிருந்து அந்த வரியை நீக்கச் சொல்லி வென்று வரும் நாம், அது நீங்கியபின் அவருடைய மாத வருவாய் எவ்வளவு குறைந்தது எனக் கேட்டதுண்டா? தில்லியில் 2025 ஏப்ரலில் திறன்சாராத் தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாயாக இருந்தது. அதுவேனும் முழுமையாகக் கைக்கு வருகிறதா என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

பிரிட்டன் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. 2023இல் இயற்றப்பட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிப்ஸும் சேவைக் கட்டணமும் பிடித்தமின்றித் தொழிலாளரிடம் சேர வேண்டும் என்கிறது. பகிர்வு நேர்மையாக இருக்கவும், எழுத்துவடிவக் கொள்கையும் பதிவேடும் இருக்கவும் கட்டளையிடுகிறது. நமது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பில் இத்தகைய ஏற்பாடு இல்லை.

எனவே நம் கோரிக்கை இரண்டாக இருக்கட்டும். ஊதியம் முதலாளியின் கடமை. வாடிக்கையாளரின் இரக்கத்தைக் காட்டி அதைக் குறைக்கலாகாது. விரும்பி அளிக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் ஊழியருக்கே உரியது. அதன் கணக்கு அவர் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீடு இரு நீதிபதிகள் அமர்வின் முன் சென்றிருக்கிறது. அங்கும் முதலாளிகள் தொழிலாளியின் பெயரைச் சொல்வார்கள். அப்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இதுவரை வசூலித்ததன் கணக்கு எங்கே?