கிணற்றடியை இழந்த வீட்டுத்தோட்டம்

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில் வளிமண்டலவியல் திணைக்களம் ஓர் அறிவித்தலை விடுக்கின்றது. சூரியனின் வடதிசை நோக்கிய இயக்கம் காரணமாக ஏப்ரல் 5 ஆம் திகதியளவில் தொடங்கி 15 ஆம் திகதியளவு வரை சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கும் என்பதே அதன் சாரம். எந்த நாளில், நண்பகல் 12 மணி கடந்து எத்தனை நிமிடத்தில், எந்தெந்த ஊர்களுக்கு மேலே சூரியன் நிற்கும் என்ற விபரமும் உடன் வரும். தெற்கே தொடங்கும் அந்த ஊர்ப்பட்டியல் சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் வந்து முடியும். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் அந்தச் செய்திக்கு நான் பலமுறை தலைப்பிட்டிருக்கிறேன். தலைப்பு மாறுவதில்லை, வருடம் மட்டுமே மாறும்.

அதே காலப்பகுதியில் இன்னொரு வகைச் செய்தியும் ஆசிரியபீடத்தின் மேசைக்கு வந்து சேரும். வீட்டுத்தோட்டப் பயனாளிகளுக்கு விதைப் பொட்டலங்களும் நாற்றுகளும் வழங்கிவைப்பு என்பது அது. புகைப்படத்தில் ஒரேயொரு கத்தரிக் கன்றைப் பத்துப் பேர் பற்றிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுள் பயனாளி யார் என்பதைக் கண்டுபிடிப்பது இலகுவான காரியமல்ல.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும் வாரத்தில் கன்று நடும்படி வடபகுதி மக்களுக்குச் சொல்லப்படுவது தெரியவரும். கொழும்பிலோ கம்பஹாவிலோ இது தவறான ஆலோசனை அல்ல. அங்கே ஏப்ரல் மாதத்து மாலைகளில் இடியோடு மழை பெய்யும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கிவிடும். ஆனால் அங்கு மழையாகும் அதே பருவக்காற்று, குடாநாட்டுக்குச் சோளகம் என்ற பெயரில் புழுதி கிளப்பும் வெறுங் காற்றாகவே வருகின்றது. எங்களுடைய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் பெய்வது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் கிடைக்கின்றதென்றால், அதில் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கொழும்பில் நீண்ட காலம் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, இந்த நாட்டில் இரண்டு வெவ்வேறு பஞ்சாங்கங்கள் நடைமுறையில் இருப்பதும், சுற்றறிக்கைகள் அவற்றுள் ஒன்றை மாத்திரமே பார்த்து எழுதப்படுவதும் நன்றாக விளங்குகின்றது.

வீட்டுத்தோட்டம் என்ற சொல் எங்கள் அரசாங்கங்களுக்கு நெருக்கடி வரும்போது மட்டும் நினைவுக்கு வருவது. 1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தி, உள்ளூரில் பயிரிடுங்கள் என்றது. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத்து விவசாயி அக்காலத்தில் தலைநிமிர்ந்தான் என்பதை மறுப்பதற்கில்லை. 2011 இல் வாழ்வின் எழுச்சி என்ற பெயரில் மீண்டும் விதைகள் வந்தன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்ற அரசாங்கம், 2022 ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கியது. எரிபொருள் தட்டுப்பாட்டைச் சமாளிப்பது ஒரு நோக்கம். வளவில் மரக்கறி பயிரிட வைப்பது மற்றொன்று. ஜூன் மாதம் என்பது எங்களுக்குச் சோளகம் முழுவீச்சில் அடிக்கும் மாதம். அந்த வருடம் மின்வெட்டினால் மோட்டார் ஓடவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை இருந்தது, விதை இருந்தது. நீர் இறைக்க வழி இருக்கவில்லை.

அப்படியாயின் கோடையில் தோட்டமே கூடாதா என்று கேட்கலாம். எங்கள் பெற்றோரின் வளவுகளில் சித்திரையிலும் வைகாசியிலும் பச்சை இருந்தது. அது எங்கே இருந்தது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். அது கிணற்றடியில் இருந்தது.

குடாநாட்டின் கிணற்றடி குளிக்கும் இடம் மாத்திரமல்ல. துலாவினால் அள்ளிய நீரில் முதலில் மனிதர் குளிப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், உடுப்புத் தோய்ப்பார்கள். அதன்பின் அந்த நீர் ஒரு சிறு வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும். வாழையைக் கடந்து கமுகுக்கும் தேசி மரத்துக்கும் போகும். வாய்க்காலின் கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமாகப் படர்ந்திருக்கும். அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு. தோட்டத்துக்கென்று தனியாக ஒரு வாளி நீரும் அள்ளப்படாத தோட்டம் அது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில், மண்ணெண்ணெய் பொன்னாக விற்ற போதும், பசளை வெடிமருந்தாகக் கருதப்பட்டுத் தடுக்கப்பட்ட போதும், பல வீடுகளில் மத்தியானக் கறி இந்தக் கிணற்றடியிலிருந்தே வந்தது. அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நான் உண்ட கீரையின் கணக்கை இப்போது நினைத்தாலும் வாயில் பச்சை மணக்கின்றது.

சிறிய கணக்கொன்றைப் பார்ப்போம். நல்ல வெயிலும் காற்றும் உள்ள நாளில் ஒரு சதுர மீற்றர் பாத்தி ஏறத்தாழ 5 முதல் 6 லீற்றர் நீரை இழக்கின்றது. ஒரு பரப்புக் காணி என்பது 250 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். அதை முழுவதும் பயிரிட்டால் நாளொன்றுக்கு 1250 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். மாறாக, 20 சதுர மீற்றரோடு நிறுத்திக்கொண்டால் 100 முதல் 120 லீற்றர் போதும். வாளியால் குளிக்கும் ஒருவர் 40, 50 லீற்றரேனும் வார்ப்பார். நால்வர் உள்ள வீட்டில் குளிக்கும் நீரே அந்தச் சிறு தோட்டத்துக்குப் போதும். மிஞ்சியதை வாழை குடிக்கும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியமென்றால், எங்கள் காலடியில் இருப்பது வற்றாத ஊற்று அல்ல. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக்கல்லின் துளைகளுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப்போல மிதந்துகொண்டிருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. அந்த விதி மறுபக்கமும் செல்லும். மேலே ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவர இடமுண்டு. துலா இருந்த காலத்தில் கை வலிக்கும்போது இறைப்பு நிற்கும். மோட்டாருக்குக் கை வலிப்பதில்லை. கோடையில் ஒவ்வொரு வளவிலும் ஒரு பரப்புக்கு மோட்டார் போட்டு இறைக்கும்படி ஊக்குவிப்பது, பிள்ளைகளின் குடிநீரை வெண்டிக்கு வார்ப்பதற்குச் சமன். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதும் யாவரும் அறிந்ததே. கிணற்றுக்கு அருகில் யூரியா போடும் வீட்டுத்தோட்டம் அதற்குத் தன் பங்கைச் சேர்க்கும். 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. கடலைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பவேண்டிய நிலைக்கு வந்துவிட்ட ஓர் இடத்தில், குளித்த நீரை மண்ணுக்குள் புதைத்துவிடுகின்றோம்.

ஆம், புதைத்துவிடுகின்றோம். போருக்குப் பின்னர் எழுந்த வீடுகளில் குளியலறை வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. அது தேவையானதே, முதியவர்களும் பெண்களும் இரவில் முற்றத்துக்கு இறங்கவேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அதன் நீர் மலசலகூடத்து நீரோடு சேர்ந்து கொங்கிறீற் மூடி போட்ட குழிக்குள் போகின்றது. கிணற்றைச் சுற்றிச் சீமெந்து பூசி, வாழையை வெட்டி, அவ்விடத்தில் வாகனம் நிறுத்துகின்றோம். பிறகு பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று கத்தரி நாற்று வாங்கிவருகின்றோம்.

எனது அயலில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாமி இருக்கிறார். விவசாயப் போதனாசிரியர் எவருக்கும் அவர் குறைந்தவரல்லர். சித்திரையில் அவர் புதிதாக எதையும் நடுவதில்லை. தையில் நட்ட கத்தரியைக் கவ்வாத்துப் பண்ணி, அடியில் காய்ந்த பனையோலையை நறுக்கி மொத்தமாகப் பரப்பிவிடுவார். மேற்குப் பக்கமாக இரண்டு கிடுகைச் சாய்த்துக் கட்டுவார். பின்னேர வெயில்தான் பொல்லாதது என்பது அவரது கட்சி. பாகல் பந்தலின் கீழே பொச்சு மட்டைகளைக் குழிவான பக்கம் மேலே பார்க்கப் புதைத்து வைத்திருக்கிறார். அவை வார்த்த நீரைப் பல நாட்களுக்குப் பிடித்துவைத்திருக்கும். ஒருநாள் நண்பகலில் அவருடைய கத்தரி இலைகள் துவண்டு கிடப்பதைக் கண்டு, தண்ணீர் விடவில்லையா என்று கேட்டேன். "தம்பி, மத்தியானம் நானும்தான் சோர்ந்து படுக்கிறன். பின்னேரம் எழும்பாட்டில் பாப்பம்" என்றார். உச்சி வெயிலில் வேர் கொடுப்பதை விட வேகமாக இலை நீரை இழக்கும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் செடிக்குக் குறையில்லை. காலையிலும் துவண்டு நின்றால்தான் தாகம். இதை அறியாமல் மத்தியானத்தில் வாளியோடு ஓடுகிறவர்களே அதிகம்.

தக்காளி நட்டவர்களின் கவலை வேறு. பூ வருகிறது, உதிர்கிறது. பசளை போதவில்லையோ என்று கேட்கிறார்கள். இரவும் வெக்கை தணியாத வைகாசியில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காது; எந்தப் பசளையாலும் அதைப் பிடிக்கவைக்க முடியாது. புடோலிலும் பூசணியிலும் வெப்பம் கூடக் கூட ஆண் பூக்களே பெருகும். மிளகாய்க்கு இலை சுருண்டு குருமன் பிடிக்கும் காலமும் இதுவே. வெண்டி, பயிற்றை, பசளிக்கொடி, முருங்கை, அகத்தி, மரவள்ளி ஆகியவையே இந்த வெயிலைத் தாங்குபவை. இவற்றுள் முருங்கைக்கும் அகத்திக்கும் வேலிக்கரை போதும், பாத்தி வேண்டாம். விதைப் பொட்டலத்தில் முள்ளங்கியும் கோவாவும் இருந்தால் அதைப் புரட்டாசி வரை பத்திரமாக வைத்திருங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. முளைதிறன் அதுவரை இருக்குமா என்பதைப் பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள திகதிதான் சொல்லவேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஸ்காபரோவிலும் ஹரோவிலும் உறைபனி போன பின்னர் வெண்டியும் பாகலும் நட்டு, கோடை வெயிலை வரமாக எண்ணிக் காத்திருப்பவர்கள் நீங்கள். அங்கே கூரை நீரைப் பீப்பாயில் பிடித்துத் தோட்டத்துக்கு விடும் பலரை நான் அறிவேன். அதே கைகள் ஊரில் வீடு திருத்தப் பணம் அனுப்பும்போது குளியலறைத் தரையோட்டின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகின்றன. அதன் நீர் எங்கே போகின்றது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. மலசலகூடக் குழாயையும் குளியலறைக் குழாயையும் வெவ்வேறாகப் போடும்படி வரைபடத்திலேயே சொல்லிவிடலாம். சவர்க்கார நீரை வாழைக்கும் மரங்களுக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் வல்லாரைக்கு மட்டும் விடவேண்டாம்.

மாகாண விவசாயத் திணைக்களத்திடமும் ஒரு கோரிக்கை. விதை வழங்கும் வைபவங்களைப் புரட்டாசிக்கு மாற்றுங்கள். சித்திரையில் எதையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கிடுகும் குழாயும் கொடுங்கள். வீட்டுத் திட்டங்களுக்குப் பணம் விடுவிக்கும் அதிகாரிகள், கழிவுநீர்க் குழிக்குக் கேட்கும் அளவுச் சான்றோடு வாய்க்காலுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். புகைப்படத்துக்கு இது அவ்வளவு எடுப்பாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்?

கடந்த மாசியில் எங்கள் வீட்டுக் குளியலறை நீரை வாழைப் பக்கம் திருப்புவதற்காக மேசன் ஒருவரை அழைத்தேன். ஒருநாள் வேலை, இரண்டு நீளக் குழாய், அரை மூடை சீமெந்து, வேறு செலவில்லை. பதினைந்து வருடங்களாக இந்தப் பகுதியில் வீடு கட்டுகிறாராம். வாழைக்குத் தண்ணீர் போகவேண்டும் என்று கேட்ட முதலாவது வீட்டுக்காரன் நான்தானாம்.