ஜோர்ஜ் மலோரி: மூன்று பிள்ளைகளின் வாப்பா



எவரெஸ்ட் சிகரத்தில் முதலில் ஏறியவர்கள் யார்? நமது பிள்ளைகளுக்கு விடை மனப்பாடம். ஹிலாரி, டென்சிங், 1953 மே 29. பொது அறிவுப் போட்டியில் கேட்கிறோம், புள்ளி போடுகிறோம், அடுத்த கேள்விக்குப் போகிறோம். கொஞ்சம் வாசிக்கிற பிள்ளை வகுப்பில் இருந்தால் எழும்பிக் கேட்கும்: "அதுக்கு முந்தி 1924லேயே மலோரி எண்டு ஒராள் ஏறிட்டாராமே, உண்மையா சேர்?"

விடை யாருக்கும் தெரியாது. 2024 செப்டம்பரில் மலோரியோடு போன அன்ட்ரூ ஏர்வினின் பாதம் ஒன்று, சப்பாத்தோடும் பெயர் தைத்த காலுறையோடும் பனிப்பாறையில் கண்டெடுக்கப்பட்டது. உடனே அதே கேள்வி மறுபடி கிளம்பியது. ஏறினார்களா, இல்லையா?

நூறு வருடமாக உலகம் அந்த மனிதரைப் பற்றி இந்த ஒன்றையே கேட்டு வருகிறது. எமக்கும் அதை அறிய ஆசைதான். ஆனாலும் 37 வயதில் இறந்துபோன, மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒருவரை நினைவுகூர இது மிகச் சின்னக் கேள்வி என்பது எமது அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

மலோரி எம்மைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர். இது பலருக்குத் தெரியாது. 1886இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே வாப்பாவுடைய தேவாலயத்தின் கூரையில் ஏறி நின்ற பிள்ளை. கேம்பிரிட்ஜில் வரலாறு படித்துவிட்டு 1910இல் சார்ட்டர்ஹவுஸ் என்ற பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பாடசாலைகள் பிரம்புக்குப் பேர் போனவை. மலோரியோ மாணவர்களைச் சிநேகிதர்களாக நடத்தப் பார்த்தார். அங்கே மற்றப் பையன்களின் தொல்லையால் ஒடுங்கிப்போயிருந்த ஒரு மாணவனுக்குப் புத்தகங்கள் கொடுத்தார், லீவில் வேல்ஸ் மலைகளுக்குக் கூட்டிப்போய் ஏறப் பழக்கினார். அந்த மாணவன்தான் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரான ரொபர்ட் கிரேவ்ஸ். 1918இல் கிரேவ்ஸ் கல்யாணம் முடித்தபோது மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவருடைய பழைய ஆசிரியர் மலோரி. படிப்பித்த பிள்ளை தன் கல்யாணத்துக்கு நம்மைத் தோழனாக நிற்கக் கூப்பிடுவதை விட ஓர் ஆசிரியருக்கு என்ன விருது வேண்டும்? எவரெஸ்ட் கதைகளில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

1914 ஜூலை 29இல் ரூத் என்ற பெண்ணைக் கல்யாணம் முடித்தார். ஆறே நாளில் பிரித்தானியா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. ஆசிரியர் என்பதால் பாடசாலை அவரை இலேசில் விடவில்லை. அவர் படிப்பித்த பையன்கள் ஒவ்வொருவராகப் போர்முனையில் இறந்துகொண்டிருக்க, இவர் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். கடைசியில் பீரங்கிப் படையில் சேர்ந்து 1916இல் பிரான்சுக்குப் போனார். போன இடம் சொம். அந்தச் சண்டையின் முதல் நாளில் மட்டும் பிரித்தானியத் தரப்பில் 19,000க்கும் அதிகமானோர் செத்தார்கள். மூத்த மகள் கிளெயருக்கு அப்போது ஒரு வயதும் நிறையவில்லை. யுத்தம் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து குந்திக்கொள்கிறது என்பதை முப்பது வருடம் யுத்தம் பார்த்த நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதே சொம்மில் ஹவார்ட் சொமர்வெல் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியரும் இருந்தார். காயக்காரர்கள் நூற்றுக்கணக்கில் நிலத்தில் கிடக்க, யாரை முதலில் மேசைக்கு எடுப்பது என்று தெரிவு செய்யவேண்டிய வேலை அவருக்கு. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

யுத்தம் முடிந்து 1919இல் மலோரி மறுபடி வகுப்பறைக்கு வந்தார். ஆனால் மனம் அங்கே ஒட்டவில்லை. 1921இல் எவரெஸ்டுக்கான முதல் பயணத்துக்கு அழைப்பு வந்ததும் ஆசிரியர் தொழிலை விட்டார். அந்தப் பயணத்தில்தான் திபெத் பக்கத்தால் ஏறுவதற்கான பாதை கண்டுபிடிக்கப்பட்டது. 1922இல் மறுபடி போனார்கள். இம்முறை நடந்ததை நாம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஜூன் 7. புதுப்பனி கொட்டிக் கிடந்த சரிவில் மூன்று வெள்ளையர்களும் பதினான்கு சுமைகாரர்களும் ஏறினார்கள். பனி சரிந்தது. ஏழு சுமைகாரர்கள் இறந்தார்கள். வெள்ளையர் மூவரும் தப்பினர். தன்னுடைய தீர்மானத்தால் நடந்தது என்று மலோரி கடிதங்களில் நொந்துகொண்டார். அந்த மூவரில் ஒருவரான சொமர்வெல், எங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்ற கருத்தில் பின்னர் எழுதினார். அவர்களுடைய வேதனையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் மலோரிக்குத் திரைப்படங்கள், நாவல்கள், நூற்றாண்டு நிகழ்வுகள் என்று எத்தனையோ. அந்த ஏழு பேரும் யாருக்கு வாப்பா, யாருக்கு மகன் என்று எத்தனை புத்தகத்தில் இருக்கிறது? கூலிக்குச் சுமை தூக்கப்போனவனின் பிள்ளையும் பிள்ளைதானே.

1923இல் அமெரிக்காவில் விரிவுரைப் பயணம். ஏன் எவரெஸ்டில் ஏற வேண்டும் என்று கேட்டதற்கு, அது அங்கே இருக்கிறது என்பதால் என்று பதில் சொன்னதாக ஒரு பத்திரிகை எழுதியது. அந்த ஒரு வரி இன்று ரீசேட்டுகளில் விற்கிறது. அதே வருடம் கேம்பிரிட்ஜில் அவருக்குப் புது வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பும் வளர்ந்தவர்களுக்குப் படிப்பிப்பது. மனதுக்குப் பிடித்த தொழில், குடும்பத்துக்குப் புது வீடு. எல்லாம் சரிவந்துகொண்டிருந்த நேரத்தில் மூன்றாவது அழைப்பு வந்தது.

அவர் தடுமாறினார். போகாமல் விட்டால் தான் தொடங்கிய ஒன்றை வேறு யாரோ முடிப்பார்கள் என்ற எண்ணம் ஒரு பக்கம், ரூத்தும் பிள்ளைகளும் மறு பக்கம். இது மலையேற்றத்தை விட யுத்தம் போலத்தான் இருக்கும், திரும்பி வருவேன் என்று நினைக்கவில்லை என்று ஒரு நண்பரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஆனாலும் போனார். 1924 ஜூன் 8ஆம் திகதி பகல் 12.50 அளவில், கீழே இருந்த நோயல் ஓடெல் முகில் விலகிய ஒரு சில நிமிடங்களில் மேலே இரண்டு புள்ளிகள் நகர்வதைக் கண்டார். முகில் மூடியது. அவ்வளவுதான். ஏர்வினுக்கு 22 வயது. இன்னும் பத்து நாள் இருந்திருந்தால் மலோரிக்கு 38 நிறைந்திருக்கும்.

செய்தி தந்தியில் வந்தது. ரூத் மூன்று பிள்ளைகளையும் தன் கட்டிலுக்குக் கூட்டிப்போய் அணைத்துப் படுத்துக்கொண்டு சொன்னார். கிளெயருக்கு எட்டு, பெரிட்ஜுக்கு ஆறு, ஜோனுக்கு மூன்று. நாலு பேரும் ஒன்றாக அழுததைக் கிளெயர் முதிய வயதிலும் நினைவில் வைத்திருந்தார். ஒக்டோபரில் லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தில் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜே வந்திருந்து அஞ்சலி செலுத்தினார். ரூத்தோ பிள்ளைகளோடு தன் வாப்பா வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

அந்த ரூத் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தின் கருத்து இது: அவர் உச்சிக்குப் போனாரா இல்லையா, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதால் அவர்மீது நான் வைத்த மதிப்பில் எந்த மாற்றமும் வராது. உலகம் நூறு வருடமாக மல்லுக்கட்டும் கேள்விக்கு, கணவனை இழந்த பெண் அந்த வருடமே விடை சொல்லி முடித்துவிட்டார். நமக்குத்தான் காது கேட்கவில்லை.

பிள்ளைகளின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். கிளெயர் அமெரிக்க விஞ்ஞானி கிளென் மில்லிக்கனைக் கல்யாணம் முடித்தார். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்த்தோமே, ஒட்சிமீற்றர், அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். யுத்த விமானிகளுக்காகக் காதில் மாட்டும் ஆரம்பகாலக் கருவியைச் செய்தவரும் அவரே. 1947இல் அவரும் மலையேறும்போது விபத்தில் இறந்தார். எட்டு வயதில் வாப்பா, முப்பத்திரண்டு வயதுக்குள் கணவன், இரண்டு பேரையும் பாறை கொண்டுபோனது. கையில் சின்னஞ்சிறு ஆண்பிள்ளைகள்.

மகன் ஜோன் தென்னாபிரிக்காவில் நீர்ப் பொறியியலாளராக வாழ்ந்தார். பெரிய வீரனின் நிழலில் வளர்வதை விட வாப்பாவோடு பழகிப் பார்த்திருப்பதையே தான் எவ்வளவோ விரும்பியிருப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். இறங்கி வந்தால்தான் ஏறியதாகக் கணக்கு என்பதும் அவருடைய கருத்து. மூன்று வயதில் பிரிந்த வாப்பாவின் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? மற்றவர்கள் சொன்னதைக் கொண்டே அந்தப் பிள்ளை தனக்கு ஒரு வாப்பாவைச் செய்துகொள்ள வேண்டும். ஜோனுக்கு உலகம் கொடுத்தது ஒரு சிலையை.

அப்படியென்றால் மலோரி போனது பிழையா? பிள்ளைகளை விட்டுவிட்டு மலை ஏறப் போனவருக்கு என்ன அஞ்சலி என்று உங்களில் சிலர் கேட்கலாம். போனது சரி என்று எம்மால் சொல்ல முடியாது. ரூத்தும் அந்த மூன்று பிள்ளைகளும் கொடுத்த விலை மிக அதிகம். ஆனால் அவரைப் பொறுப்பில்லாதவர் என்று ஒரு சொல்லில் மூடவும் மனம் வரவில்லை. அவர் ரூத்துக்கு எழுதிய கடிதங்களைக் கேம்பிரிட்ஜ் மக்டலின் கல்லூரி 2024இல் இணையத்தில் இட்டது. வாசித்துப் பார்த்தால் தெரியும், அன்பில்லாத மனிதர் இல்லை. அன்பும் இருந்தது, போகவும் செய்தார். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள், கணக்குப் பாடம் போல் இல்லை.

சொமர்வெல்லைச் சொல்லாமல் விட முடியாது. 1922 பயணம் முடிந்து தென்னிந்தியாவைப் பார்க்கப் போனவர், அப்போது திருவிதாங்கூரிலிருந்த நெய்யூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வரிசையாக நின்ற நோயாளிகளைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்தார். 1924இலும் மலோரியோடு எவரெஸ்டுக்குப் போய், தொண்டை உறைந்து மூச்சடைத்துச் சாகும் நிலையிலிருந்து தப்பி இறங்கினார். பிறகு நெய்யூருக்குத் திரும்பி, நமது மொழி பேசும் ஏழைகளுக்குக் கால் நூற்றாண்டு காலம் சத்திரசிகிச்சை செய்தார். அதே யுத்தம், அதே மலை, அதே பனிச்சரிவு. மலோரியும் இறங்கி வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கேம்பிரிட்ஜில் தொழிலாளிகளுக்கு வரலாறு படிப்பித்திருப்பார். மலோரி கடைசியாகக் கொண்டுபோன கமராவும் சொமர்வெல் இரவல் கொடுத்ததுதான்.

1999 மே 1இல் மலோரியின் உடல் 8,155 மீற்றர் உயரத்தில் கிடைத்தது. கால் முறிந்திருந்தது, இடுப்பில் கயிறு இறுகிய அடையாளம், பையில் கடிதங்கள். கண்டவர்கள் கற்களை அடுக்கி மூடி, அவர்களுடைய மார்க்கப்படி பிரார்த்தனையும் செய்தார்கள். அது நல்லது. ஆனால் உடலை எடுத்த படங்கள் பத்திரிகைகளுக்கு விற்கப்பட்டன. பெயர்பெற்ற மலையேறிகளே அதைக் கண்டித்தார்கள். ஜோனுக்கு அப்போது 78 வயது. வாப்பாவின் முகம் ஞாபகமில்லாத மகனுக்கு அந்தப் படம்.

அன்று பத்திரிகை செய்ததை இன்று நமது கைத்தொலைபேசி செய்கிறது. ஊரில் ஓர் இளம் வாப்பா விபத்திலோ கடலிலோ மௌத்தானால், குளிப்பாட்ட முன்னரே படம் குரூப் குரூப்பாகப் போய்விடுகிறது. அதை அனுப்புபவர்கள் கெட்டவர்கள் இல்லை, துஆச் செய்யுங்கள் என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நாலாம் நாளோ பத்தாம் நாளோ அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரும்போது, பக்கத்து மேசைப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. இதை வகுப்பறையில் நாம் காண்கிறோம்.

தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, மௌத்தானவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். என்ன பகிடி விடுவார், எதற்குக் கோபம் வரும், தூண்டில் போட எங்கே போவார், பிள்ளை பிறந்த அன்று என்ன சொன்னார், யாரிடம் கடன் வாங்கி யாருக்கு உதவினார். குரல் பதிவு இருந்தால் சேமித்து உம்மாவிடம் கொடுங்கள். சின்னக் குறைகளையும் எழுதுங்கள், பரவாயில்லை. பிள்ளைக்கு வேண்டியது மனிதர், போஸ்டர் இல்லை. மூன்று நாள் சாப்பாடு கொண்டுபோவதில் நமது சமூகத்தை யாரும் மிஞ்ச முடியாது. இந்த வேலைக்கு அடுப்புகூடத் தேவையில்லை, ஒரு கொப்பி போதும்.

மலோரியின் பையில் இருந்த பொருட்களில் ரூத்தின் படம் இருக்கவில்லை. உச்சியில் வைப்பதற்காக வாப்பா அதைக் கொண்டுபோனதாக மகள் கிளெயர் சொல்லியிருந்தார். அதைக் கொண்டு அவர் ஏறிவிட்டார் என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்கள் வாதாடட்டும். அந்த உடல் கிடைப்பதற்கு நான்கு வருடத்துக்கு முன், 1995 மே 14இல், ஜோனுடைய மகன் அதே வடக்குப் பக்கத்தால் எவரெஸ்ட் உச்சிக்குப் போனார். அவருடைய பெயரும் ஜோர்ஜ் மலோரிதான். அப்பாவும் ரூத்தும் இருக்கும் ஒரு படத்தைப் பனியில் வைத்துவிட்டு, அவர் கீழே இறங்கி வந்தார்.