வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷன்: தழும்பின் நீளமா முக்கியம்?

இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "வயிற்றைக் கிழிக்காம, லேப்ராஸ்கோப்பியில பண்ணிட முடியுமா டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால், முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல.

தென்கொரியாவில் ஆரம்பக் கட்ட நோயாளிகள் சுமார் 1,400 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 94.2%, ஓபன் ஆபரேஷனில் 93.3%. முற்றிய நிலையில் இருந்த சுமார் 1,000 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்விலும், மூன்று ஆண்டு முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. 2019இல் வெளியான முடிவுகள் இவை. ஓட்டை போட்டுச் செய்தால் காயத் தொல்லை குறைவு. ஆனால் ஆயுள் கூடுவதில்லை.

அப்படியானால் எது முக்கியம்?

ஒன்று, எவ்வளவு இரைப்பையை எடுக்கிறார்கள் என்பது. கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் ஒரு பகுதியை எடுத்தாலே போதும். மேல்பகுதி என்றால் முழுவதையும் எடுக்க வேண்டி வரலாம். முழுசா எடுத்துட்டா, வாழ்நாள் முழுக்க வைட்டமின் பி12 தேவைப்படும். சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். கட்டி உள்சவ்வோடு நிற்கும் மிக ஆரம்ப நிலையில், சிலருக்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிடலாம்.

இரண்டு, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகள். நோயின் நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 16 முடிச்சுகளையாவது பரிசோதிக்க வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

மூன்று, செய்பவரின் அனுபவம். நெதர்லாந்து ஆய்வொன்றில், முடிச்சுகளை விரிவாக அகற்றியவர்களில் 10% பேர் ஆபரேஷனை ஒட்டிய நாட்களிலேயே இறந்தார்கள். குறைவாக அகற்றியவர்களில் 4% பேர். ஆனால் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புற்றுநோயால் இறந்தவர்கள் விரிவாக அகற்றிய பிரிவில்தான் குறைவு. நல்ல முறையும் பழகிய கையில் இருந்தால்தான் பலன்.

எனவே, விலை அதிகமான கருவிக்காக நகையை அடகு வைக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: "இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை பேருக்குப் பண்றீங்க? எவ்வளவு எடுப்பீங்க? அதுக்கு முன்னாடி கீமோ தேவையா?" இப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. அது நோயாளியின் உரிமை.