பெறாத பிள்ளைக்கும் பால் கொடுக்கலாம்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். தத்தெடுக்கப் பதிவு பண்ணிவிட்டுக் காத்திருக்கிறாராம். "பிள்ளை வந்தா நானே பால் கொடுக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா அக்கா? வீட்டில் கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று கேட்டிருக்கிறார்.

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் பெறாமலேதான் முருகனுக்குப் பாலூட்டினார்கள். அடிக்கடி திருச்செந்தூர் போய்வருகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சரி, அது புராணம். கர்நாடகத்தில் தாவணகெரே மருத்துவக் கல்லூரிக் குழந்தை டாக்டர்கள், பிள்ளை பெறாத பெண்களுக்குப் பால் வரவழைத்ததை 1993-ல் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் தத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்த 240 தாய்மாரைப் பற்றிய ஆராய்ச்சி 1981-லேயே வந்துவிட்டது.

என் தங்கச்சி வீட்டிலும் இது நடந்தது. அவள் தைரியத்துடன் அனுமதி கொடுத்ததால்தான் எழுதுகிறேன்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு சுரப்புகளும் மார்பில் பால் நாளங்களை வளர்த்துத் தயாராக வைக்கின்றன. பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்ததும் அவை சட்டென்று இறங்கும். அப்போது புரோலாக்டின் வேலையைத் தொடங்கும், பால் ஊறும். பிள்ளை சப்பச் சப்ப ஆக்ஸிடோசின் சுரந்து, ஊறின பாலை வெளியே தள்ளும். பெறாத தாய்க்கு முதல் பாதி கிடையாது. பின் பாதி எல்லாப் பெண்ணுக்கும் உண்டு. மார்பைத் தூண்டித் தூண்டிக் காலி பண்ணினால் போதும், மெள்ள மெள்ள ஊற ஆரம்பிக்கும்.

நாள் முன்கூட்டித் தெரிந்தால், சில மாதம் கர்ப்பத்தடை மாத்திரை கொடுத்து, பிறகு அதை நிறுத்திவிட்டுப் பம்ப் பண்ணச் சொல்லுகிற டாக்டர்கள் உண்டு. தத்தெடுப்பவர்களுக்கு அது அவ்வளவு சௌகரியப்படாது. வருஷக்கணக்கில் காத்திருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் பிள்ளையின் விவரம் வரும்; 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். என் தங்கச்சி சம்மதம் சொன்ன அன்று ராத்திரியே பம்பை எடுத்துவிட்டாள்.

ஹாரன் மாதிரி ரப்பர் உருண்டை வைத்த பழைய பம்பை வாங்காதீர்கள். உருண்டைக்குள் பால் போய்த் தங்கும், கழுவ முடியாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரப் பம்ப் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. மார்பில் வைக்கும் புனல் சரியான அளவாக இருக்க வேண்டும். காம்பு உரசாமல் போய்வர வேண்டும். வேகத்தைக் கூட்டினால் பால் கூடும் என்று நினைக்காதீர்கள், புண்தான் வரும்.

பகலும் ராத்திரியுமாக எட்டுத் தடவை, ஒவ்வொரு தடவையும் பதினைந்து நிமிஷம். ஆரம்பிக்கும் முன் வெந்நீரில் பிழிந்த துணியை ஒற்றி, விரலால் வட்டமாகத் தடவிவிடுங்கள். முடிந்ததும் கையாலும் பீய்ச்ச வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவளையத்துக்குச் சற்று வெளியே இருக்கட்டும்; நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுக்கக் கூடாது. கரண்டு போனாலும் இந்தக் கைவேலை நிற்காது. ராத்திரித் தடவையை மட்டும் சோம்பல்பட்டு விடாதீர்கள். புரோலாக்டின் ராத்திரியில்தான் ஜாஸ்தி.

முதல் பதினெட்டு நாள் என் தங்கச்சிக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த எங்கள் ஆச்சி, "ஏட்டி, வறண்ட கிணத்துல எதுக்கு இப்படி இறைக்க?" என்று கேட்டுவிட்டாள். அன்று தங்கச்சி சாப்பிடவில்லை. பத்தொன்பதாம் நாள் விடியற்காலை, புனல் ஓரத்தில் கண்ணீர்த்துளி மாதிரி ஒன்று நின்றது. ஆச்சியைத்தான் முதலில் எழுப்பிக் காட்டினாள்! அதற்குப் பிறகு சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும் ஆச்சி கையாலேயே தயாராகி வந்தன. இதெல்லாம் உடம்புக்குத் தெம்பு, மனசுக்கும் தெம்பு. ஆனால் மார்பு காலியாகாமல் வெறும் களி பாலைக் கூட்டாது என்பது என் கட்சி.

மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் பாலையும் கூட்டும் என்று கேள்விப்பட்டு, மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது இதயத் துடிப்பைக் கெடுக்கக் கூடும். கர்ப்பத்தடை மாத்திரையும் அப்படித்தான். பிரஷர், ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இரண்டையும் தொடாதீர்கள்.

பிள்ளை வந்தபோது அவளுக்கு எழுபது நாள், நாலரைக் கிலோ எடை. அந்த எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 675 மில்லி பால் வேண்டும். தங்கச்சிக்கு அப்போது ஊறினது, முழு நாளும் சேர்த்து 120 மில்லி. சகோதரிகளே, இதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். பெறாத தாய்மாரில் பெரும்பாலோருக்குப் பிள்ளையின் முழுத் தேவைக்கும் ஊறுவதில்லை, மீதியை வேறு பாலால்தான் நிரப்ப வேண்டும். வைராக்கியத்தில் பிள்ளையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்ன பவுடர் பாலைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். ஒரு வயசுக்கு முன் பசும்பால் வேண்டாம்.

பாட்டிலில் பழகின பிள்ளை மார்பைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கும் வழி உண்டு. பிள்ளையை மார்பில் அணைத்து, பாலாடையால் மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பால் வழிந்து காம்புக்கு வரும், பிள்ளை ருசி கண்டு சப்பும். இன்னொன்று குழாய் வைத்தியம். மெல்லிய குழாயின் ஒரு முனை பால் டம்ளரில், மறுமுனை காம்போரத்தில். பிள்ளை சப்பினால் டம்ளர்ப் பாலும் வரும், மார்பும் தூண்டப்படும். குழாயை ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ண மறக்காதீர்கள். எங்கள் பிள்ளை வழிக்கு வர ஒன்பது நாள் ஆனது. நாலாம் மாசம் முடியும்போது தங்கச்சிக்குப் பாதித் தேவைக்கு ஊறியது. அதற்கு மேல் ஏறவில்லை. அவளும் அளவுக் கிண்ணத்தைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள்.

பிள்ளைக்குப் போதுகிறதா என்று கண்டுபிடிக்க: ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், வாராவாரம் எடை ஏற வேண்டும். அங்கன்வாடியில் எடை பாருங்கள். உங்கள் மார்பு சிவந்து, கட்டி கண்டு, காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்தாமல் டாக்டரிடம் ஓடுங்கள். பீய்ச்சின பாலை நம்மூர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள், உடனே பிரிஜ்ஜில் வையுங்கள். நாலு நாள் வரை இருக்கும்.

அம்பாசமுத்திரம் சகோதரிக்கு: இப்போதே ஒரு நல்ல டாக்டரம்மாவிடம் போய் பிரஷர், இதயம், மார்பு எல்லாம் சோதித்துக்கொள்ளுங்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் சொன்னால் சிரிக்கிறவர்கள், டாக்டரம்மா சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.